நனைந்த பலகைத் தளமும் அவசரப் பாலிஷும்

வாசகர் கேள்வி

வாலாஜாபேட்டையில் என் மாமனாரின் தந்தை கட்டிய வீட்டில் வசிக்கிறோம். மாடியில் உள்ள பெரிய அறைக்குத் தேக்குப் பலகைத் தளம் போட்டிருக்கிறது. பலகை ஒவ்வொன்றும் ஆறு அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம். சென்ற ஐப்பசியில் நாங்கள் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தபோது, மொட்டைமாடியின் மழைநீர்க் குழாய் இலைக் குப்பையால் அடைத்துக்கொண்டு, மேற்குச் சுவரை ஒட்டித் தண்ணீர் இறங்கி, பலகைத் தளத்தில் சில நாள்கள் தேங்கிவிட்டது. திரும்பி வந்து பார்த்தபோது பலகைகளின் ஓரங்கள் மேலே தூக்கிக்கொண்டு நின்றன. தை மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்ததால், மார்கழியிலேயே உறவினர் ஒருவர் அழைத்து வந்த ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுத்தோம். அவர் தளம் முழுவதையும் மிஷின் போட்டுத் தேய்த்து, கெட்டுப்போன பதினொரு பலகைகளை மாற்றி, இடுக்குகளில் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, மேலே பியூ (பாலியூரிதேன்) பாலிஷ் அடித்துக் கொடுத்தார். கீழ் அறையில் கறை தெரியக்கூடாது என்று ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கும் போட்டார். பேசிய தொகை 1,60,000 ரூபாய், 1,40,000 கொடுத்துவிட்டோம்.

சித்திரை பிறந்ததும் பலகைகளின் நடுப்பகுதி மேடாகவும் ஓரங்கள் பள்ளமாகவும் மாறிவிட்டன. புதிய பலகைகளுக்கு இடையே பென்சில் நுழையும் அளவு இடைவெளி. ஆணி அடித்த இடமெல்லாம் கறுப்பு வட்டம். மேற்குச் சுவர் ஓரமாக நடந்தால் தளம் அமுங்கி எழுகிறது. அங்கே பூஞ்சை நாற்றமும் வருகிறது. ஒப்பந்தக்காரரைக் கேட்டால், “மரம் என்றால் வெயிலுக்கும் மழைக்கும் அப்படித்தான் இருக்கும், இன்னும் 45,000 கொடுங்கள், மேலே பிளைவுட் அடித்து வினைல் ஒட்டித் தருகிறேன்” என்கிறார். மகனோ பலகைக்கு மேலேயே கான்கிரீட் போட்டு டைல்ஸ் பதித்துவிடலாம் என்கிறான். எதைச் செய்வது? கொடுத்த பணத்தில் ஏதாவது திரும்பக் கிடைக்குமா?

கட்டடப் பொறியாளரின் பதில்

அன்புள்ள அம்மா,

இந்தப் பதிலை முழுவதும் படிப்பதற்கு முன் ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். மேற்குச் சுவரை ஒட்டி மாடியில் பீரோ, கட்டில், அரிசி மூட்டை, புத்தக அலமாரி என்று எந்தப் பாரம் இருந்தாலும் அதைக் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். அந்த ஓரத்தில் யாரும் படுக்கவோ கூட்டமாக நிற்கவோ வேண்டாம். அதற்கு நேர் கீழே உள்ள இடத்திலும் படுக்கை போடாதீர்கள். மற்றக் குறைகள் எல்லாம் அழகையும் பணத்தையும் பற்றியவை. தளம் அமுங்கி எழுவது ஒன்றுதான் உயிரைப் பற்றியது.

உங்கள் கடிதத்தைப் படித்தவரை, அந்த அறையில் இருப்பது ஒரே கோளாறு அன்று; ஒன்றோடொன்று கலந்து தெரியும் இரண்டு கோளாறுகள். அறையின் நடுவில் நடந்திருப்பது, ஈரம் காயாத மரத்தைத் தேய்த்துப் பாலிஷ் அடித்ததால் வந்த வினை. சுவர் ஓரத்தில் நடந்துகொண்டிருப்பது, பலகையைத் தாங்கும் சட்டங்களின் முனை சுவருக்குள் இற்றுப்போவதாக இருக்க வேண்டும். முன்னதற்குப் பொறுமையும், பின்னதற்கு உடனடிக் கவனமும் தேவை. இரண்டையும் ஒரே வினைல் விரிப்பால் மூடிவிடலாம் என்று சொல்பவர் இரண்டையுமே பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

முதலில் “மரம் என்றால் அப்படித்தான்” என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஓரளவு உண்மை உண்டு. அந்த உண்மையின் எல்லை எது என்பதை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கார்த்திகை அடைமழையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது, வீட்டுக்குள் இருக்கும் மரமும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு, தன் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் வரை ஈரத்தோடு நிற்கும். கத்திரி வெயிலில் நம் வட ஆற்காட்டுப் பக்கம் வீசும் அனல் காற்றில் அதே மரம் 7, 8 சதவீதத்துக்கு இறங்கப் பார்க்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஆறு அங்குல அகலமுள்ள தேக்குப் பலகை, அறுத்த வாகைப் பொறுத்து, ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரை சுருங்கி விரியும். ஆகவே சித்திரையில் பழைய பலகைகளுக்கு இடையே ஒரு தபால் அட்டை நுழையும் இடைவெளி தெரிந்தால் அது குறை அன்று. மழைக்காலத்தில் தானே அடைந்துகொள்ளும். உங்கள் மாமனாரின் தந்தை காலத்துத் தச்சர்கள் இதை அறிந்துதான் பலகைகளின் ஓரத்தில் காடியும் (நீளப் பள்ளம்) அதற்குள் நுழையும் நாக்கும் எடுத்து, பசை போடாமல், ஒன்றுக்குள் ஒன்று நகர இடம்விட்டு இறுக்கினார்கள். அந்த இடுக்கில் மரத்தூள் பசையை அடைத்தது தவறு. வருகிற ஐப்பசியில் பலகை விரியும்போது போக இடமில்லாமல், அடைத்தது உதிரும். உதிராவிட்டால் தளமே நடுவில் எக்கிக்கொள்ளும்.

ஆனால் புதிய பலகைகளுக்கு இடையே பென்சில் நுழைகிறது என்கிறீர்கள். பென்சிலின் கனம் 7 மில்லிமீட்டர். முறையாகக் காய்ந்த தேக்கு ஒரே கோடையில் அவ்வளவு சுருங்காது. பச்சையாகவோ அரைக் காய்ச்சலாகவோ இருந்த பலகையைக் கொண்டுவந்து அடித்திருக்கிறார்கள். அல்லது அது தேக்கே அன்று. மாற்றிய பலகை ஒன்றின் வெட்டு முனையைப் பாருங்கள். வைரம் பாய்ந்த பகுதி, அதாவது முற்றிய உள்மரம், பொன்னும் பழுப்பும் கலந்த நிறத்திலும், அதைச் சுற்றிய ‘வெள்ளை’ எனப்படும் முற்றாத வெளிமரம் வெளிறிய மஞ்சளாகவும் இருக்கும். தேக்கின் பெருமையெல்லாம் வைரத்துக்குத்தான். வெள்ளையைப் பூஞ்சையும் பூச்சியும் மற்ற நாட்டு மரங்களைத் தின்பதுபோலவே தின்னும். பாலிஷ் நிறம் ஏற்றிவிட்டால் மேற்பரப்பில் இந்த வேறுபாடு தெரியாது. வெட்டு முனையில் மட்டும் மறைக்க முடியாது.

நடுப்பகுதி மேடான கதைக்கு வருகிறேன். தண்ணீர் தேங்கி வடிந்த பிறகு பலகையின் மேல்முகம் காற்றுப் பட்டுச் சீக்கிரம் காய்ந்திருக்கும். அடிமுகம் ஈரத்தோடே இருந்திருக்கும். வெயிலில் போட்ட அப்பளம் காய்ந்த பக்கமாகச் சுருண்டு ஓரம் தூக்குவதுபோல, பலகையும் ஓரங்களைத் தூக்கி நடுவில் குழிந்தது. நீங்கள் பெங்களூரிலிருந்து திரும்பி வந்து பார்த்தது இந்த நிலையைத்தான். இந்தக் குழிவு பெரும்பாலும் தற்காலிகமானது. இரு முகமும் ஒரே அளவு காய்ந்தால், கனமான தேக்கு பெருமளவு தன் பழைய நிலைக்கு வந்துவிடும். காயும்வரை காத்திருந்தால், பாதிப் பலகைகளுக்கு உளியோ இழைப்புளியோ தேவைப்பட்டிருக்காது. மார்கழியில் அவர் மிஷினை ஓட்டியபோது, தூக்கி நின்ற ஓரங்கள்தாம் சீவப்பட்டன. அன்றைக்குத் தளம் மட்டமாகவே தெரிந்திருக்கும்; நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்களும் பாராட்டியிருப்பார்கள். சித்திரையில் அடிமுகம் காய்ந்து பலகை நிமிர்ந்தபோது, ஓரங்களில் சீவிப்போன மரம் திரும்பி வரவில்லை. அதனால் ஓரம் பள்ளமாகவும் நடு மேடாகவும் நிலைத்துவிட்டது. இது தானாகச் சரியாகாது. முழுவதும் காய்ந்தபின் மறுபடி ஒருமுறை தேய்த்துத்தான் ஆக வேண்டும். அதற்குப் பலகையில் கனம் மிச்சம் இருக்கிறதா என்பதே கேள்வி. கதவு நிலையின் அடியிலோ, மிஷின் எட்டாத மூலையிலோ தேய்க்காத பலகை சிறிதேனும் இருக்கும். அதன் கனத்தையும் அறை நடுவில் கழற்றிய ஒரு பலகையின் கனத்தையும் அளந்து பாருங்கள். காடிக்கு மேலே ஆறு மில்லிமீட்டராவது மரம் இருந்தால் இன்னொரு தேய்ப்பைத் தாங்கும். அதற்குக் கீழே போயிருந்தால் மிஷினை உள்ளே விடாதீர்கள். கையிழைப்புளியால் மேட்டை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

ஆணியைச் சுற்றிய கறுப்பு வட்டத்துக்கான காரணம் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் துவர்ப்புச் சாறு இரும்போடு சேர்ந்தால் மை போலக் கறுக்கும் என்பது தோல் பதனிடும் தொழிலில் உள்ளவர்கள் அறிந்தது. தேக்கிலும் அத்தகைய பொருள்கள் உண்டு. ஈர மரத்தில் சாதாரண இரும்பாணி அடித்தால், துருவும் அந்தச் சாறும் கலந்து ஆணியைச் சுற்றிப் படரும். கறுப்பு வட்டம் தெரிகிறது என்பதே, ஆணி அடித்தபோது மரம் ஈரமாக இருந்தது என்பதற்குச் சான்று. இதைப் புகைப்படம் எடுத்து வையுங்கள், பின்னால் பயன்படும். கறையைப் போக்க ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் இருக்கிறது. ஆனால் ஆணியைப் பிடுங்காமல் கறையை மட்டும் வெளுத்தால் ஒரே மழைக்காலத்தில் திரும்பிவிடும். அது நச்சுப் பொருள் என்பதால் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, தொழில் தெரிந்தவர்தாம் கையாள வேண்டும். பிடுங்கிய ஆணிகளுக்குப் பதிலாகப் பித்தளை அல்லது எவர்சில்வர் ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள்.

இனி மேற்குச் சுவர். என் கவலை முழுவதும் இங்கேதான்.

அந்தக் காலத்து வீடுகளில் பலகையைத் தாங்கும் சட்டங்களின் இரு முனைகளையும் செங்கல் சுண்ணாம்புச் சுவருக்குள் அரை அடி, முக்கால் அடி செருகி, சுற்றிலும் காரை பூசி அடைத்துவிடுவார்கள். சுவர் உலர்ந்திருக்கும்வரை அந்த முனை நூறாண்டு நிற்கும். சுவர் நனைந்தால், மரத்தின் மற்ற எந்தப் பகுதியையும்விட வெட்டு முனைதான் தண்ணீரை வேகமாக உறிஞ்சும். காற்றுப் புக வழியில்லாததால் உறிஞ்சிய தண்ணீர் வெளியேறவும் செய்யாது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு அது போதும். உங்கள் சுவர் ஒன்றரை அடிக் கனம் இருக்கும் என்று நினைக்கிறேன். நனைந்த சுவர் ஓர் அங்குலம் உள்வரை காய ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கும் என்பது பழைய கட்டட வேலையில் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. ஐப்பசியில் நனைந்த அந்தச் சுவரின் உட்பகுதி மார்கழியில் காய்ந்திருக்க வழியே இல்லை. இப்போதும் முழுமையாகக் காய்ந்திருக்காது. அந்த நிலையில் மேலே பியூ பாலிஷ் ஒரு முகத்தை அடைத்தது. கீழே ஃபால்ஸ் சீலிங் மறு முகத்துக்குக் காற்றோட்டத்தை நிறுத்தியது. நாற்றம் அந்த அடைபட்ட இடத்திலிருந்துதான் வருகிறது.

ஆரணியில் ஒரு வீட்டில் இதே அறிகுறிகளோடு என்னை அழைத்தார்கள். கீழிருந்து பார்த்தால் சட்டத்தில் ஒரு கீறல்கூட இல்லை. போன தீபாவளிக்கு அடித்த பெயிண்ட் பளபளவென்று இருந்தது. சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து உள்ளங்கையால் லேசாக அழுத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது முனையில் ஒட்டி வந்தது மரம் இல்லை, விரலால் நசுக்கினால் காப்பித்தூள் நிறத்தில் பொடியும் ஏதோ ஒன்று. அதிலிருந்து இரண்டடி தள்ளி அதே சட்டத்தைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலித்தது. அழுகல் முனையில் மட்டும் நின்றிருந்ததால், சட்டத்தை முழுவதும் மாற்றாமலே அந்தத் தளத்தைக் காப்பாற்ற முடிந்தது. உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்கக்கூடும் என்று நம்புகிறேன். ஆனால் திறந்து பார்க்காமல் யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ஆகவே செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன், வரிசை முக்கியம். கீழ் அறையில், மேற்குச் சுவரை ஒட்டி ஃபால்ஸ் சீலிங்கை இரண்டடி அகலத்துக்கு நீளவாட்டில் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். திறந்தவுடனே, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, சட்டங்களுக்குக் குறுக்காக ஒரு கனமான மரத்தைக் கொடுத்து, அதன் கீழே இரும்பு ஜாக்கிகளை நிறுத்தி முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கியைத் தளத்தைத் தூக்கும் அளவுக்குத் திருகக் கூடாது. தாங்கிப் பிடித்தால் போதும். அதன்பின் ஒவ்வொரு சட்டமாகச் சுத்தியலால் தட்டி, ஸ்க்ரூ டிரைவரால் குத்தி, ஐயமிருந்தால் மெல்லிய துரப்பணத்தால் துளையிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல தேக்கிலிருந்து சுருள் சுருளாகத் துருவல் வரும். அழுகிய மரத்திலிருந்து பொடி உதிரும். கறையான் மண்கோடு தெரிகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். தெரிந்தால், கட்டி முடித்த வீடுகளுக்கான கறையான் தடுப்பு முறைகளைச் சொல்லும் ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 6313 தரத்தின் மூன்றாம் பகுதிப்படி வேலை செய்பவரைக் கொண்டு மருந்திடுங்கள். பலகை மேல் தெளித்துவிட்டுப் போகிறவர்கள் வேண்டாம்.

இதே நாள்களில் மொட்டைமாடிக் குழாய்வாயையும் சரிசெய்துவிட வேண்டும். குழாய்வாயைச் சுற்றிலும் விரிந்த காரையைக் கொத்தி எடுத்து, சரிவு குழாயை நோக்கி இருக்கும்படி மறுபடி பூசி, இலை புகாத குமிழ் வடிவ வலை ஒன்றைப் பொருத்துங்கள். சோதிப்பதற்காக மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கச் சொல்வார்கள்; உங்கள் வீட்டில் அதைச் செய்யாதீர்கள். மூன்று அங்குலத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 75 கிலோ பாரம். மேல்தளத்து மரங்களும் அதே சுவரில்தானே உட்கார்ந்திருக்கின்றன. ஹோஸ் குழாயால் அந்த மூலையில் மட்டும் நெடுநேரம் தண்ணீர் விட்டுப் பார்த்தாலே போதும். சுவரின் வெளிப்பூச்சு உதிர்ந்திருந்தால் சிமெண்ட் பூசிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விட்டுத்தான் காய வேண்டும். சிமெண்ட் பூச்சு உள்ளிருக்கும் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும்.

பிறகு காயவிட வேண்டும். மாற்றிய பதினொரு பலகைகளையும், சுவரோரப் பழைய பலகைகள் இரண்டு மூன்றையும் கழற்றி, எண் எழுதி, நிழலில் இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) கொடுத்து அடுக்குங்கள். கழற்றியவற்றில் எதையும் விறகுக்குப் போட்டுவிடாதீர்கள், அவையும் சான்றுகளே. முற்பகல் முதல் மாலை வரை ஜன்னல்களைத் திறந்து வைத்து, மின்விசிறியை ஓடவிட்டால் நம் ஊர்க் காற்றே மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஹீட்டர் வைத்து அவசரப்படுத்தினால் தேக்கும் வெடிக்கும். ஆடி, ஆவணியில் நம் பக்கம் மாலை நேரத்து இடிமழை வரும் என்பதால் அந்த நேரங்களில் ஜன்னலைச் சாத்திவிட வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கையால் தொட்டு யாரும் சொல்ல முடியாது. பெரும்பாலான பலகை வேலைகள் கெடுவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று அழுத்தியே சொல்கிறேன். இரண்டு ஊசிகள் கொண்ட மரஈரமானி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. நீங்களே வாங்கி வைத்துக்கொண்டாலும் நட்டமில்லை. பலகையின் மேல்முகம், அடிமுகம், சட்டம், சட்டத்தின் முனை என்று பத்துப் பன்னிரண்டு இடங்களைச் சாக்குக்கட்டியால் குறித்து, வாரத்துக்கு ஒருமுறை அதே இடங்களில் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கருவியில் ஐயம் இருந்தால், ஒரு சிறு துண்டு பலகையை வெட்டி எடை போட்டு, 103 டிகிரி செல்சியஸ் வெப்ப அடுப்பில் எடை இனிக் குறையாது என்னும்வரை உலர்த்தி மறுபடி எடை போடும் முறை இருக்கிறது. 62 கிராம் இருந்த துண்டு 50 கிராமில் நின்றால், குறைந்த 12 கிராமை 50-ஆல் வகுக்க, ஈரம் 24 சதவீதம் என்று வரும். பொறியியல் கல்லூரி ஆய்வகம் எதிலாவது கேட்டுப் பாருங்கள். அந்த அடுப்பு பெரும்பாலும் இருக்கும். நம் பகுதிக்கு 10 முதல் 12 சதவீதத்துக்குள் வந்து, மேல்முகத்துக்கும் அடிமுகத்துக்கும் இடையே இரண்டு சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இல்லாமல், தொடர்ந்து மூன்று வாரம் அதே எண் நின்றால் மட்டுமே ஆசாரியைக் கூப்பிடலாம். அதுவரை யார் வற்புறுத்தினாலும், வீட்டில் என்ன விசேஷம் வந்தாலும், ஒரு பாய் விரித்துச் சமாளித்துக்கொள்ளுங்கள்.

சட்ட முனைகள் அழுகியிருந்தால் செய்ய வேண்டியது இது. கண்ணுக்குத் தெரியும் அழுகலுக்கு அப்பாலும் ஓர் அடிக்குக் குறையாமல் நல்ல மரம் வரை வெட்டி நீக்கி, அதே ஆழமுள்ள காய்ந்த தேக்குத் துண்டுகளை இரு பக்கமும் அணைத்து, போல்ட் போட்டு முறுக்க வேண்டும். எவ்வளவு நீளம் அணைப்பது, எத்தனை போல்ட் என்பதைச் சட்டத்தின் அளவையும் அது தாண்டி நிற்கும் நீளத்தையும் பார்த்து ஒரு பொறியாளர் கணக்கிட்டுத் தர வேண்டும். ஆசாரியின் கைமதிப்புக்கு விட்டுவிடாதீர்கள். புதிய முனைக்கு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை நன்றாக ஊறும்படி கொடுத்து, சுவர்க் குழிக்குள் ஒரு கருங்கல் துண்டை வைத்து, அதன் மேல் தார்ப்படலம் விரித்து, அதன் மேல் முனையை உட்கார வையுங்கள். பக்கங்களிலும் முன்னாலும் ஓர் அங்குலம் இடைவெளி இருக்கட்டும். கொத்தனார் பழக்கத்தில் அந்த இடைவெளியைக் கலவை போட்டு அடைக்க வருவார், அடைக்க விடாதீர்கள்.

பிளைவுட், வினைல் யோசனை எவ்வளவு தீங்கானது என்பது இதற்குள் உங்களுக்கே விளங்கியிருக்கும். பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரையிட்ட மரைன் ரகத்தையே போட்டாலும், அது தன்னைக் காத்துக்கொள்ளுமே தவிர, கீழே மூச்சு முட்டும் பலகையைக் காக்காது. மகனின் யோசனை நல்லெண்ணத்தில் சொன்னது. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்தால் அவரே கைவிடுவார். மூன்று அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 180 கிலோ. வீட்டு அறைகளில் மனிதர்கள், சாமான்கள் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து ஐ.எஸ். 875 தரம் கணக்கில் கொள்ளச் சொல்வதே சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோதான். யாரும் கால் வைப்பதற்கு முன்பே அந்தத் தாங்கும் திறனில் பெரும்பகுதியைக் கான்கிரீட் தின்றுவிடும். அதுவும், முனை இற்றுப்போன சட்டங்களின் மேல். ஈரக் கான்கிரீட்டின் தண்ணீர் பலகைக்குள் இறங்குவது வேறு. வைரம் பாய்ந்த பழந்தேக்கு இன்று அதே தரத்தில் கிடைப்பது அரிது. கழற்றி விற்றுவிடவோ மூடிப் புதைக்கவோ மனம் துணியாதீர்கள்.

மாற்றுப் பலகைகளுக்கு, இடிக்கும் பழைய வீடுகளிலிருந்து வரும் தேக்கு உத்திரங்களை வாங்கி அறுப்பதே நல்லது. அவை ஏற்கெனவே காய்ந்து நிலைத்தவை. வாங்கியதையும் அந்த அறையிலேயே சில வாரம் போட்டு வைத்து, ஈரமானியில் பழைய பலகையின் எண்ணோடு ஒத்துவந்த பிறகு பொருத்தச் சொல்லுங்கள். சுவரோரம் அரை அங்குல இடைவெளி விட்டு, அதை மறைக்க ஒரு ரீப்பரைச் சுவரில் மட்டும் அடிக்கலாம், பலகையில் அடிக்கக் கூடாது. கடைசிப் பூச்சுக்கு, கெட்டியான படலமாக மூடும் பியூவைவிட, மரத்துக்குள் இறங்கும் எண்ணெய்ப் பூச்சை நான் விரும்புவேன். பளபளப்பு குறைவு, ஆண்டுக்கு ஒருமுறை துணியால் தேய்க்க வேண்டும். ஆனால் மறுபடி எங்கேனும் நனைந்தால் நிறம் மாறி உடனே காட்டிக்கொடுக்கும்.

இனிப் பணம். ஒப்பந்தக்காரர்மேல் எல்லாவற்றையும் சுமத்துவது நியாயமாகாது. ஒழுகல் அவரால் வந்ததன்று. பழைய சட்டங்களின் முனை அவருக்கு முன்பே பழுதாகியிருக்கலாம். கோடையில் வரும் மெல்லிய இடைவெளிக்கும் அவர் பொறுப்பல்லர். நிச்சயதார்த்தத்துக்கு முன் முடிக்கச் சொன்னது நீங்கள்தான் என்று அவர் சொல்லவும் கூடும். அது உண்மையாகவே இருந்தாலும், ஈர மரத்தில் வேலை செய்யக்கூடாது என்று அறிந்து மறுக்க வேண்டிய கடமை தொழில் செய்பவருக்கு உரியது. வீட்டுக்காரர் அதை அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஈரம் அளக்காமல் தேய்த்தது, காயாத பலகை போட்டது, இரும்பாணி அடித்தது, இடுக்கை அடைத்தது, ஈரச் சட்டங்களைப் பார்க்காமலே சீலிங்கால் மூடியது ஆகிய ஐந்தும் அவர் பொறுப்பு. அவற்றுக்கு ஆன செலவையும், அவற்றைக் கலைக்க ஆகும் செலவையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

உறவினர் வழியாக வந்தவர் என்பதால் முதலில் அந்த உறவினரையும் வைத்துக்கொண்டு, சீலிங்கைத் திறக்கும் நாளில் ஒப்பந்தக்காரரை நேரில் வரச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்தபின் பலர் இறங்கி வருவார்கள். ஆனால் அன்று பேசி முடித்ததைக் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கையிலிருக்கும் 20,000 ரூபாயை அதுவரை கொடுக்க வேண்டாம். அவரையே மறுபடி வேலை செய்ய விடுவதைவிட, வேறு ஆசாரி செய்யும் வேலைக்கு அவர் ஈடு தருவது நல்லது என்பது என் கருத்து. வரவே மறுத்தால், நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, ஸ்பீடு போஸ்ட்டில், பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும்படி அனுப்புங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது சேவைக் குறைபாடு. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பதிவு செய்வதும் பயன்தரும். பணம் கொடுத்ததற்கான வங்கிக் குறிப்பு, கைப்பேசிச் செய்திகள், கழற்றிய பலகைகள், ஈர அளவு எழுதிய நோட்டு, பொறியாளரின் எழுத்துமூல அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். எதையும் கழற்றும் முன், டார்ச் விளக்கைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து ஒளியடித்துப் புகைப்படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் மட்டமாகத் தெரியும் தளம், சாய்வு வெளிச்சத்தில் ஒவ்வொரு பலகையின் மேட்டையும் நிழலோடு காட்டும்.

சீலிங்கைத் திறந்து முட்டுக் கொடுத்தபின், சட்டங்களின் அகலம், ஆழம், இரு சுவர்களுக்கு இடையே உள்ள நீளம், எந்தெந்தச் சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவர் எத்தனை அங்குலம் இறங்கியது, முதல் வாரத்து ஈர அளவுகள் ஆகியவற்றை எனக்கு எழுதுங்கள். முனையை மட்டும் அணைத்தால் போதுமா, சட்டத்தையே மாற்ற வேண்டுமா என்பதை அந்த எண்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆவணி முடிவதற்குள் அந்தக் கடிதம் வந்தால், ஐப்பசி மழைக்கு முன் சுவரோர வேலையை முடித்துக்கொள்ளலாம். பலகையைத் தேய்ப்பதும் பூசுவதும் அடுத்த மாசி, பங்குனிக்குத் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.